தொழில்வரி 1,250 ரூபாய்: என் தங்கைக்கும் அதே, மேனேஜருக்கும் அதே

காரிமங்கலத்தான் | ஞாயிறு இரவு 9.12

என் தங்கை ஓசூர் சிப்காட்டில் வேலைக்குப் போகிறாள். கம்பெனி பேர் இங்கே எதற்கு. பிடித்தம் போவதற்கு முன் மாதம் 12 ஆயிரத்துச் சொச்சம், ஞாயிறு ஓ.டி. பார்த்த மாதம் 13 ஆயிரம் தாண்டும். செப்டம்பர் சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் எல்லாவற்றுக்கும் கீழே தொழில்வரி என்று 1,250 ரூபாய் பிடித்திருந்தார்கள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்து அவள் செக்ஷன் மேனேஜரிடமே கேட்டிருக்கிறாள். நல்ல மனுஷன், தன் சீட்டையே எடுத்துக் காட்டினாராம். அவருக்கும் 1,250. அவர் சம்பளம் மாதம் ஒன்றரை லட்சம்.

அன்றைக்கு இரவு போனில் கேட்டாள்: "அவரும் நானும் ஒரே பஸ்ஸிலா போகிறோம் அண்ணா, ஒரே டிக்கெட் எடுக்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மத்திய அரசின் வருமான வரியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மாநில அரசு, நகராட்சி, ஊராட்சி வாங்குகிற வரிகளில் யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்று யாராவது உருப்படியாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்களா?

பேஸ்லிப்_ராணி | ஞாயிறு இரவு 9.40

தப்பு எதுவும் இல்லை தம்பி. நான் ஓசூரில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலைதான் பார்க்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் சண்டையை நேரில் பார்க்கிறேன்.

தொழில்வரி அரையாண்டு வருமானத்தை வைத்துப் போடுவது. 21,000 வரை கிடையாது. அப்புறம் 30,000, 45,000, 60,000, 75,000 என்று படிகள். இடையில் வருகிற தொகை உள்ளாட்சிக்கு உள்ளாட்சி கொஞ்சம் முன்பின் இருக்கும். 75,000-ஐத் தாண்டிவிட்டால் கடைசிப் படி. அதற்கு மேல் படியே இல்லை. 75,000-ஐ ஆறால் வகுத்துப் பாருங்கள், 12,500 வரும். மாதம் 12,501 வாங்குகிறவரும் ஐந்து லட்சம் வாங்குகிறவரும் இந்த வரியின் கண்ணுக்கு ஒரே ஆள்.

உள்ளாட்சி நினைத்தாலும் மேலே போக முடியாது. அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு ஒரு ஆளிடம் ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. முதலில் அந்த வரம்பு 250 ரூபாய். 1988-இல் 60-ஆவது திருத்தம் வந்து 2,500 ஆக்கியது. அதோடு சரி, அப்புறம் யாரும் தொடவில்லை. 1988-இல் 2,500 ரூபாய் கிட்டத்தட்ட ஒரு பவுன் விலை. அன்றைக்கு அது பெரிய சம்பளக்காரர்களுக்கான வரி. இன்றைக்குக் கூரை அதே உயரத்தில் நிற்கிறது, கீழே இருக்கிறவர்களின் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அதில் தலை முட்டுகிறது.

இன்னொன்று சொன்னால் வயிறு எரியும். கர்நாடகத்தில் 2023 ஏப்ரலிலிருந்து மாதம் 25,000-க்குக் கீழ் வாங்குகிற சம்பளக்காரர்களுக்குத் தொழில்வரியே இல்லை. உங்கள் தங்கை ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் பிடித்தம் பூஜ்ஜியம்.

காரிமங்கலத்தான் | ஞாயிறு இரவு 10.05

நன்றி அக்கா. இப்போதுதான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு அவளுக்கு ஓ.டி. சேர்த்து 76,300 வந்திருக்கிறது. ஆண்டுக்கு 2,500 என்றால் அவள் வருமானத்தில் 1.6 சதவீதம். மேனேஜருக்கு 0.14 சதவீதம். பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம், அதுவும் தலைகீழாக.

வேடிக்கை என்னவென்றால் நான் எலக்ட்ரீஷியன், மாதம் 18 ஆயிரம்வரை பார்க்கிறேன். என்னிடம் தொழில்வரி என்று ஒரு ஆள் இதுவரை வாய் திறந்ததில்லை. சம்பளச் சீட்டு இருக்கிறவள் மாட்டிக்கொண்டாள்.

மாம்பழ_மண்டி | திங்கள் காலை 7.30

இந்த மாதிரி இழைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பணக்காரன் வரி கட்டுவதே இல்லை என்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். கிருஷ்ணகிரியில் மண்டி வைத்திருக்கிறேன். போன வருஷம் 22 லட்சத்துக்கு ஒரு வண்டி எடுத்தேன். சாலை வரி 20 சதவீதம், 4 லட்சத்து 40 ஆயிரம் ஒரே செக்கில். உங்கள் தங்கை எத்தனை வருஷம் 2,500 கட்டினால் அந்தத் தொகை வரும்? அப்புறம் மாம்பழக் கூழுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. கட்டியவர்கள் எங்கள் தொழிலில் இருப்பவர்கள். 2025 செப்டம்பரில்தான் 5 ஆகியிருக்கிறது. 2025 ஜூனில் தோத்தாபுரி மாம்பழம் கிலோ நாலைந்து ரூபாய்க்குப் போனபோது யார் வந்து நின்றார்கள்? 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது என்று சொல்லியாகிவிட்டது. மிச்ச பாரம் யார் முதுகில்?

லாரி_செட் | திங்கள் காலை 8.02

தோத்தாபுரி நாலைந்து ரூபாய்க்குப் போனபோது நஷ்டப்பட்டது தோப்புக்காரன், மண்டிக்காரன் இல்லை அண்ணா. நான்தான் லோடு ஏற்றினேன், தெரியும்.

நல்லம்பள்ளி_வாத்தியார் | திங்கள் காலை 8.45

மண்டி அண்ணன் சொல்வதில் ஒரு பாதி உண்மை. வண்டி வரி ஏறுமுகமாகத்தான் இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். ஒரு லட்சம் வரையுள்ள பைக்குக்கு 10, அதற்கு மேல் 12. 22 லட்சக் கார் எடுத்தவர் அதிகம் கட்டுகிறார், வருமானத்தில் பங்காகப் பார்த்தாலும் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் அதே பணத்துக்கு மின்சாரக் கார் எடுத்திருந்தால் ஒரு ரூபாய் கட்டியிருக்க வேண்டாம், 2023 தொடக்கத்திலிருந்தே முழு விலக்கு. போச்சம்பள்ளியில் செய்கிற ஓலா ஸ்கூட்டருக்கும் அந்த விலக்கு உண்டுதான். ஆனால் கையில் ஒரு லட்சத்தை மொத்தமாக வைத்திருப்பவன்தான் அதை எடுக்க முடியும். பழைய ஸ்ப்ளெண்டரில் ஓடுகிறவன் பெட்ரோல் பங்கில் கட்டிக்கொண்டே இருக்கிறான்.

ஜி.எஸ்.டி.யை "நாங்கள் கட்டினோம்" என்பது மட்டும் வேண்டாம். நீங்கள் வாங்கிக் கட்டினீர்கள். கடைசியில் சாறு குடித்தவன் கட்டினான்.

வருமான வரி மாநிலத்தின் கையில் இல்லை என்பதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர். விவசாயம் அல்லாத வருமானத்துக்கு வரி போடுகிற அதிகாரம் மத்திய அரசுக்கு. அதில் மாநிலங்களுக்கென்று பிரிக்கிற தொகையில் தமிழ்நாட்டுக்கு 15-ஆவது நிதிக்குழு கொடுத்தது 4.079 சதவீதம். மீதிச் செலவுக்கு மாநிலம் எங்கே போகும்? நீங்கள் வாங்குகிற பொருள், ஊற்றுகிற பெட்ரோல், குடிக்கிற சரக்கு, பதிகிற பத்திரம். இதில் எதுவும் உங்கள் சம்பளத்தைக் கேட்பதில்லை.

பெட்ரோலை மட்டும் கணக்குப் போடுகிறேன். தமிழ்நாட்டு வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இரண்டும் சேர்ந்தால் லிட்டருக்கு 21 ரூபாய்க்கு மேல் மாநிலத்துக்கு மட்டும் போகிறது. காரிமங்கலத்தான் மாதம் 30 லிட்டர் போடுவதாக வைத்துக்கொள்வோம், 630 ரூபாய். 18 ஆயிரத்தில் அது மூன்றரை சதவீதம். மேனேஜர் காருக்கு 80 லிட்டர் ஊற்றட்டும், 1,680 ரூபாய். ஒன்றரை லட்சத்தில் ஒரு சதவீதம் சொச்சம். தொழில்வரி கண்ணில் படுகிறது, அதனால் சண்டை போடுகிறோம். இதற்குச் சீட்டே கிடையாது.

லாரி_செட் | திங்கள் காலை 9.10

டீசல் கதை தனி. முன்னெல்லாம் ஓசூர் வண்டிகள் எல்லாம் அத்திப்பள்ளி போய் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் தொப்பூர் இறங்கும். 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் கர்நாடகத்துக்காரன் வரியை ஏற்றினான், அந்த லாபம் பெரும்பாலும் போச்சு. வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறோம், பொய் சொல்லவில்லை. கடைசியில் அது தக்காளி விலையில் போய் உட்காரும்.

அரூர்_அக்கா | திங்கள் மதியம் 1.20

எங்கள் தெருவில் அதிகம் வரி கட்டுகிறவர் யார் தெரியுமா? கார் வைத்திருக்கிற டாக்டர் என்றுதானே நினைப்பீர்கள். பக்கத்து வீட்டு மேஸ்திரிதான். தினம் ஒரு குவார்ட்டர், மலிவுச் சரக்கு, 140 ரூபாய். மாதம் 4,200. அதில் பெரும்பகுதி வரிதான். 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அதில் எங்கள் மேஸ்திரியின் பங்கைப் பித்தளைத் தகட்டில் அடித்துக் கொடுக்கலாம்.

ஒன்றரை லட்சம் சம்பளக்காரர் பத்து மடங்கு சம்பாதிக்கலாம், பத்து மடங்கு குடிக்க முடியாது. ஈரல் எல்லோருக்கும் ஒரே அளவுதான். அதனால்தான் குடி மேல் போடுகிற வரி எப்போதும் ஏழை மேல் போடுகிற வரி. "குடிக்காதே, வரி கட்டாதே" என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவர் குடிக்கிறார். கட்டுவது அவர் பொண்டாட்டி. பூ கட்டி விற்ற காசிலிருந்து.

மாம்பழ_மண்டி | திங்கள் மதியம் 2.05

சரி அக்கா, அந்த அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறதா இல்லையா? இலவச பஸ்? ரேஷன் அரிசி? கொடுத்ததை மட்டும் எண்ணுகிறீர்கள், வாங்கியதை எண்ணவில்லை.

அரூர்_அக்கா | திங்கள் மதியம் 2.31

வருகிறது. மறுக்கவில்லை. அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்குகிற முகாமையே நம் தொப்பூரில்தான் 2023 ஜூலையில் தொடங்கி வைத்தார்கள், நானும் கூட்டத்தில் நின்றேன். ஆண்டுக்கு 12 ஆயிரம். பஸ்ஸில் மாதம் 500, 600 மிச்சம். எங்கள் வீட்டுக்கும் அது பெரிய உதவி. ஆனால் மேஸ்திரி வீட்டில் ஒரு கதவு வழியாக ஆயிரம் உள்ளே வருகிறது, இன்னொரு கதவு வழியாக நாலாயிரம் வெளியே போகிறது.

நல்லம்பள்ளி_வாத்தியார் | திங்கள் மாலை 6.15

மண்டி அண்ணன் கேட்டது சரியான கேள்வி. செலவுப் பக்கத்தையும் சேர்த்தால் படம் மாறும்தான். குடிக்காத, வண்டி இல்லாத ஏழைக் குடும்பம் நம் மாநிலத்தில் கட்டுவதைவிட அதிகம் வாங்குகிறது என்றே நினைக்கிறேன். நசுங்குவது அதற்கு ஒரு படி மேலே இருப்பவர்கள். சம்பளச் சீட்டு உண்டு, பைக் உண்டு, வாடகை வீடு உண்டு. காரிமங்கலத்தான் தங்கை மாதிரி.

பென்னாகரம்_டல்லாஸ் | திங்கள் இரவு 8.50

இங்கே டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை என்று ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் குதித்தேன். இல்லாத வரியை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்: விற்பனை வரி 8.25 சதவீதம் வரை, வீட்டு வரி அதற்கு மேல் வலி. வாடகை வீட்டில் இருந்தாலும் அது வாடகைக்குள் ஒளிந்து வரும்.

ஐ.டி.இ.பி. என்ற வரி ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு மாநிலத்திலும் யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று கணக்கிடுகிறது. 2024 ஜனவரியில் வந்த அறிக்கைப்படி அமெரிக்கா முழுக்கச் சராசரியாக, அடித்தட்டு 20 சதவீதத்தினர் வருமானத்தில் சுமார் 11 சதவீதத்தை மாநில, உள்ளூர் வரியாகக் கட்டுகிறார்கள். உச்சியில் இருக்கிற ஒரு சதவீதத்தினர் சுமார் 7. ஃபுளோரிடாதான் இதில் மோசம், அங்கேயும் வருமான வரி கிடையாது. வாஷிங்டன் மாநிலம் ரொம்ப நாள் அந்த முதல் இடத்தில் இருந்தது. பெரிய பங்கு லாபத்துக்கு 7 சதவீத வரி கொண்டுவந்த பிறகு இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. வாத்தியார் சொன்ன அதே சூத்திரம்: சம்பளத்தைக் கேட்காத வரி கீழே இருப்பவனைத்தான் பிடிக்கும்.

நம் ஊருக்கு இப்படி மாவட்டம் மாவட்டமாக ஒரு கணக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

ஓய்வு_கிராம_நிர்வாகி | செவ்வாய் காலை 6.10

பிள்ளைகளே, வரி நியாயப் பேச்சு நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1792-இல் திப்பு நம் பகுதியான பாராமகாலை விட்டுக்கொடுத்தபோது கும்பினிக்காரர்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், ரீடு என்பவரை இங்கே அனுப்பினார்கள், அவருக்குக் கீழே மன்றோ. மன்றோ வருஷக்கணக்கில் இருந்தது நம் தர்மபுரியில்தான். ஜமீனை நடுவில் வைக்காமல் வயல் வயலாக அளந்து, மண்ணின் தரம் பார்த்து, குடியானவனிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை இங்கேதான் கால் ஊன்றியது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மழை பொய்த்த வருஷத்திலும் மண்ணின் தரம் மாறாதே, அதனால் வரியும் மாறாது. குடியானவன் அங்கே மாட்டினான்.

நான் வேலையில் இருந்தபோது கந்தாயம், அதாவது நிலவரி, வசூலிக்கப் போவேன். ஏக்கருக்குச் சில ரூபாய். ரசீதுப் புத்தகத்தின் விலை அதைவிட அதிகமோ என்று தோன்றும். பைபாஸ் ஓரத்தில் ஏக்கர் கோடிக்குப் போகிற நிலத்துக்கும் அதே தொகைதான், உள்ளே மேட்டுக்காட்டில் கொள்ளு விதைக்கிறவனுக்கும் அதே. வீட்டு வரியும் அப்படித்தான். ஊராட்சி எல்லையில் கட்டின பண்ணை வீட்டுக்கு ரசீது சில நூறு ரூபாய், நகராட்சிக்குள் 500 சதுர அடி ஓட்டு வீட்டுக்காரன் அதைவிட அதிகம் கட்டுவான்.

பேஸ்லிப்_ராணி | செவ்வாய் காலை 9.30

ஐயா, நகராட்சிச் சொத்து வரியில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் உயர்வில் நம் பக்கத்து நகரங்களில் 600 சதுர அடிக்குக் கீழ் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம்தான் ஏற்றினார்கள். 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. யோசித்துச் செய்தது அது. ஆனால் சதுர அடி பேசுகிறதே தவிர உள்ளே இட்டாலியன் மார்பிளா, சிமென்ட் பூச்சா என்று கேட்பதில்லை. முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. கையில் காசு இருக்கிறவன்தான் முதல் மாதத்தில் கட்டுவான். தள்ளிப் போடுகிறவனுக்கு மாதம் ஒரு சதவீதம் அபராதம்.

பத்திரப் பதிவும் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். நாங்கள் பேங்க் லோன் போட்டு ஒன்றரை சென்ட் வாங்கினோம். லோன் வேண்டுமென்றால் உண்மை விலையைப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும், முழு விலைக்கும் 9 சதவீதம் கட்டினோம். ரொக்கத்தில் வாங்குகிறவர் அரசு குறித்து வைத்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார்.

மாம்பழ_மண்டி | செவ்வாய் காலை 9.52

இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. :)

தக்காளி_கூடை | செவ்வாய் இரவு 9.05

பெரிய வரிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. சந்தைச் சுங்கம் தெரியும். பாலக்கோடு பக்கம் ஒரு வாரச் சந்தைக்குப் போகிறேன், ஊர் பேர் வேண்டாம். ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து வசூலிக்கிறார். கூடைக்கு 20 ரூபாய். போர்டில் போட்டிருப்பது அதைவிடக் குறைவு. கேட்டால் "அடுத்த வாரம் இடம் கிடையாது". தக்காளி கிலோ 60 விற்றாலும் 20 ரூபாய், 6 விற்றாலும் 20 ரூபாய். விற்காமல் கொட்டிவிட்டு வந்த நாளிலும் நுழைந்தபோதே வாங்கிவிட்டார்கள். லோடு வண்டியில் கொண்டு வருகிறவருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. கூடைக் கணக்கில் பிரித்தால் அவருக்கு மூன்று ரூபாய் கூட வராது.

ஓய்வு_கிராம_நிர்வாகி | செவ்வாய் இரவு 9.20

தாயி, நான் சொன்ன மன்றோ கதையே இதுதான். விளைந்தாலும் வாங்குவான், காய்ந்தாலும் வாங்குவான்.

லாரி_செட் | செவ்வாய் இரவு 9.41

கிரஷர் பக்கமும் இதே கூத்து. 2025 ஏப்ரலில் கனிம நிலத்துக்கு மாநிலம் புது வரி போட்டது. குவாரி முதலாளிகள் ஸ்டிரைக் செய்தார்கள், எம்-சாண்ட், ஜல்லி விலை ஏறியது, அப்புறம் பேசி யூனிட்டுக்கு ஆயிரம் குறைத்தார்கள். வரி முதலாளி மேல் என்றுதான் பேர். என் மச்சான் ஒரு ரூம் கட்டுகிறான், அவன் கட்டினான்.

நெறியாளர் | புதன் காலை 10.00

கட்சி பேர் சொல்லித் திட்டிய மூன்று பதிவுகளை எடுத்துவிட்டேன். கணக்கு பேசுங்கள்.

பென்னாகரம்_டல்லாஸ் | புதன் இரவு 7.55

ஒரு சந்தேகம். ஊருக்கு வந்தபோது அம்மா 26 கிலோ அரிசி மூட்டை வாங்கினார். முன்பு 25 கிலோதானே? அந்த ஒரு கிலோ எதற்கு?

பேஸ்லிப்_ராணி | புதன் இரவு 8.10

அதுவும் வரிதான்! 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., பாதி மாநிலத்துக்கு. 25-க்கு மேல் போனால் கிடையாது. அதனால் ஆலைக்காரர்கள் 26 ஆக்கிவிட்டார்கள். மொத்தமாக மூட்டை எடுக்கிறவருக்கு வரி இல்லை. வாரக் கூலி வாங்கி 5 கிலோ பை எடுக்கிறவருக்கு வரி உண்டு.

காரிமங்கலத்தான் | புதன் இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. மண்டி அண்ணனுக்கும்தான், அவர் குறுக்கே நிற்காவிட்டால் இவ்வளவு வெளியே வந்திருக்காது.

இழை முழுவதையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். மேஸ்திரி கதைக்கு மட்டும் சிரித்தாள். அப்புறம் அவளே ஒரு கணக்குப் போட்டாள். அவள் கம்பெனி இருக்கிற உள்ளாட்சியில் 75,000-க்குள் நின்றிருந்தால் 1,025 தான் பிடித்திருப்பார்களாம். அவள் தாண்டியது 1,300 ரூபாய். இரண்டு ஞாயிறு ஓ.டி. போகாமல் இருந்திருந்தால் 225 ரூபாய் மிச்சம், ஆனால் ஓ.டி. காசு 1,300-க்கு மேல் போயிருக்கும். "அப்போ போனதுதான் சரி" என்றாள்.

அடுத்த அரையாண்டு தொடங்கிவிட்டது. வருகிற ஞாயிறுக்கும் பேர் கொடுத்திருக்கிறாள். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.